வரைபடத்துக்கு முன் ஒரு கேள்வி: மினெட் டி சில்வாவின் முதல் பத்தாண்டு

தமிழில் வீட்டையும் பெண்ணையும் பிரித்துப் பேசுவதே கடினம். மனையிலிருந்து மனைவி வருகிறாள். இல்லத்திலிருந்து இல்லாள் வருகிறாள். இல்லாளுக்கு ஆண்பால் தேடிப் போனால் ‘இல்லான்’ என்ற சொல் கிடைக்கும். அதற்கோ ஒன்றும் இல்லாதவன் என்று பொருள். வீடு கட்டுகிற இடத்துக்குப் போனாலும் பெண் இருக்கிறாள். சித்தாளாகச் செங்கல் சுமக்கிறாள், கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிச் சாரத்தில் ஏறுகிறாள். இருபது வருடம் சுமந்தாலும் கரண்டியும் ரசமட்டமும் அவள் கைக்கு வருவதில்லை; சித்தாள் கொத்தனார் ஆவதில்லை. வீட்டுக்குள் மனைவி, கட்டுமிடத்தில் சித்தாள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதம் இருக்கிறது. அடுக்களை எங்கே வர வேண்டும், சன்னல் எந்த உயரத்தில் திறக்க வேண்டும், யார் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் காகிதம். நெடுநல்வாடையில் நூல் பிடித்துத் திசை பார்த்து அரண்மனை வகுப்பவர்கள் நூல் கற்ற ஆண்கள். அந்த அரண்மனைக்குள் பிரிவில் வாடிக் கிடப்பவள் அரசி. காகிதம் அவர்களிடம், காத்திருப்பு அவளிடம்.

அந்தக் காகிதத்தின் முன் ஒரு தெற்காசியப் பெண் உட்கார்ந்தபோது என்ன மாறியது என்று கேட்டால், 1949இல் கண்டியில் தன் பெற்றோர் வீட்டில் வரைமேசை போட்டுக்கொண்ட 31 வயது மினெட் டி சில்வாவிடம் போக வேண்டும். சுற்றுச்சூழலுக்கு இசைந்த கட்டடம், சமூகப் பொறுப்புள்ள கட்டடம் என்று இன்று கட்டடக்கலைக் கல்லூரிகளில் பாடமாக நடத்தப்படுவதில் பெரும்பகுதியை, அப்படியெல்லாம் பெயர்கள் வருவதற்கு முன்பே செய்து பார்த்தவர் அவர். தொழில் தொடங்கிய முதல் பத்தாண்டிலேயே செய்தார். அதற்குப் பிறகு மறக்கப்பட்டார். அவர் செய்ததையும் மறக்கப்பட்ட விதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

வாக்குரிமை கேட்ட வீடு

மினெட் 1918இல் கண்டியில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் இ. டி சில்வா சிங்கள பௌத்தர், வழக்கறிஞர், பின்னாளில் அமைச்சர். தாய் ஆக்னஸ் நெல் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவர். இனமும் மதமும் கடந்த அந்தத் திருமணமே அன்றைய இலங்கையில் ஒரு துணிச்சல்.

ஆக்னஸின் பெயர் இலங்கைப் பெண்களின் வரலாற்றில் தனியாக எழுதப்பட வேண்டியது. 1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் அவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்ன பெண்கள் குழுவிலும் இருந்தார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா வாக்குரிமை கேட்கிறீர்கள் என்று ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்ற பொருளில் ஆக்னஸ் பதில் சொன்னார். சாட்சியம் சொல்லப் போன பெண்கள் வசதியான குடும்பத்தவர்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தம் வரிசையில் நிறுத்திப் பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இருந்தும் அந்தப் பதில் வந்தது. 1931இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலருக்கும் வாக்குரிமை வந்தது. பிரிட்டனில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்களிக்கும் உரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

‘யாரைக் கேட்பது’ என்பதுதான் அந்த வீட்டில் மினெட் கற்ற முதல் அரசியல் என்று நினைக்கிறேன். அவர் கட்டிய வீடுகளில் அது வேறொரு வடிவத்தில் திரும்பி வரும்.

பம்பாய், பெங்களூர், லண்டன்

அன்றைய இலங்கையில் கட்டடக்கலை படிக்கக் கல்லூரி இல்லை. பம்பாய்க்குப் போக வேண்டும். அதற்குத் தந்தையையும் தாய்மாமனையும் இணங்க வைப்பதே மினெட்டுக்குப் பெரும்பாடாக இருந்தது. மெட்ரிகுலேஷன் முடிக்காததால் நேரடியாகக் கல்லூரியில் சேர முடியவில்லை. முதலில் ‘மிஸ்திரி அண்ட் பேத்வார்’ நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1936இல் பட்டயம் பெற்று இந்தியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவரான பெரின் மிஸ்திரி அங்கே இருந்தார். ஒரு பெண்ணுக்கு அந்தக் காகிதத்தை முதலில் காட்டிய இடத்தில் இன்னொரு பெண் இருந்தார் என்பது சிறிய செய்தி அல்ல.

பிறகு சர் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் மூண்டபோது காந்தியின் கைதை எதிர்த்த மாணவர்களோடு மினெட்டும் சேர்ந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அங்கிருந்து பெங்களூர் போனார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்து மைசூர் அரசின் கட்டடக்கலைஞராக இருந்த யூதரான ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை பார்த்தார். ஜாம்ஷெட்பூர் நகரத் திட்டத்தில் அப்போது பங்கேற்றார். தொழிலாளர் குடியிருப்பு என்பது வெறும் சுவர்க் கணக்கல்ல. காற்று, தண்ணீர், நிழல், நடக்கும் தூரம் எல்லாம் சேர்ந்த கணக்கு என்ற பாடம் வெப்பநாட்டுக் கட்டடங்களுக்கே தன் வாழ்நாளைக் கொடுத்த அந்த ஆசிரியரிடம் கிடைத்தது.

அதே ஆண்டுகளில் பம்பாயில் மினெட்டின் அக்கா அனில் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் தொடக்கத்திலும், முல்க் ராஜ் ஆனந்தோடு ‘மார்க்’ இதழின் தொடக்கத்திலும் இருந்தார். 1946இல் வெளிவரத் தொடங்கிய அந்த இதழின் நிறுவனக் குழுவில் மினெட்டும் ஒருவர்.

போர் முடிந்ததும் லண்டன். ‘ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்’ பள்ளியில் படித்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் உறுப்பினரானார். அந்த நிறுவனத்தில் ஒரு பெண் முதன்முதலாக உறுப்பினரானது 1898இல். அவர் எத்தல் சார்ல்ஸ். ஆசியப் பெண் ஒருவர் உள்ளே வர இன்னும் 50 ஆண்டுகள் ஆயின. அந்த ஆசியப் பெண் மினெட். இடையில் 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் நடந்த நவீனக் கட்டடக்கலையின் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார். கோட்டும் சூட்டுமாக நிற்கும் ஐரோப்பிய ஆண்களின் நடுவே சேலை உடுத்திய மினெட் இருக்கும் மாநாட்டுப் படம் இன்று புத்தகங்களில் அடிக்கடி அச்சாகிறது. அங்கே அவர் பேசவும் போயிருந்தார் என்பது படத்தில் தெரிவதில்லை.

மலைச்சரிவில் முதல் வீடு

1949இல் நாடு திரும்பினார். சுதந்திரம் கிடைத்து ஓராண்டு. கையில் பணம் இல்லை, அலுவலகம் இல்லை, முன்னோடியாகப் பார்த்து நடக்க உள்ளூரில் ஒரு பெண்ணும் இல்லை. பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன குடும்பத்தார் கண்டியில் ஒரு வீடு கட்டித்தரக் கேட்டார்கள். 1951இல் முடிந்த அந்த வீடுதான் மினெட்டின் முதல் கட்டடம். இலங்கையில் பெண் ஒருவர் வடிவமைத்த முதல் கட்டடம் என்றும் அதையே சொல்கிறார்கள்.

அன்றைய மேல்தட்டு வீடு என்றால் இங்கிலாந்துப் பங்களாவின் நகல். குளிர்நாட்டுக்கு வகுத்த அறைகள், வெயிலைப் பற்றிக் கவலைப்படாத சுவர்கள். இன்னொரு பக்கம், பழமையைக் காப்பது என்ற பெயரில் கோயில் தூணின் சாயலை சிமெண்டில் வார்த்து வாசலில் ஒட்டும் வழக்கம். மினெட் இரண்டையும் மறுத்தார். நிலம் சரிவாக இருந்தது. அதை வெட்டிச் சமன் செய்யாமல், சரிவுக்கு ஏற்ப வீட்டையே மேல்தளம், கீழ்த்தளம் என்று படிப்படியாக இறக்கினார். கூடத்தைத் தோட்டத்தை நோக்கித் திறந்துவிட்டார். காங்கிரீட்டும் கண்ணாடிக் கற்களும் ஒரு பக்கம். உள்ளூரில் சுட்ட மண்ணோடுகள், கண்டி அரக்கு வேலை செய்த மரக் கைப்பிடிகள், தும்பறைப் பாய் பதித்த கதவுகள் இன்னொரு பக்கம். கூடத்துச் சுவருக்கு ஜார்ஜ் கீட் ஓவியம் தீட்டினார்.

அடுத்து கொழும்பில் கட்டிய பீரிஸ் வீட்டில் கீழ்த்தளத்தைத் தூண்களின் மேல் நிறுத்தித் திறந்துவிட்டு, வீட்டின் நடுவில் முற்றம் வைத்தார். சிங்களத்தில் ‘மிதுல’ என்பார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் செட்டிநாட்டு வீட்டிலும் நாம் அறிந்த அதே நடுமுற்றம்தான். சூடான காற்று மேலெழும்ப வழிவிடும், மழையை உள்ளே கொண்டுவரும், வெளிச்சத்துக்குச் செலவு வைக்காது. ஐரோப்பாவில் படித்த நவீன முறையையும் இந்த முற்றத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்ததற்கு அவர் தந்த பெயர் ‘நவீன வட்டாரக் கட்டடக்கலை’. 1950களின் தொடக்கத்திலேயே அதைப் பற்றி எழுதினார். ‘மார்க்’ இதழில் 1953இல் கண்டி வீட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. மேற்கில் ‘விமர்சன வட்டாரவியம்’ என்ற கோட்பாடு பேசப்பட்டதும், பாடநூல்களில் ஏறியதும் 1980களில்.

பாயை நெய்தது யார்?

தும்பறைப் பாயைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். மருள் நாரைச் சீவிக் காயவைத்து, சாயமேற்றி, சிறு தறியில் நெய்வது அது. கண்டிக்கு அருகே ஹேனவல போன்ற கிராமங்களில் கின்னர சாதியார் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் தொழில். சிங்களச் சாதி அடுக்கில் அவர்கள் மிகவும் கீழே வைக்கப்பட்டவர்கள். கண்டி அரசர் காலத்தில் முடிக்கும் உடைக்கும் கூடக் கட்டுப்பாடு சுமந்தவர்கள். அவர்கள் நெய்த பாய் எல்லார் வீட்டுக்குள்ளும் போகலாம். அவர்கள் போக முடியாது.

இந்தக் கைவினைகளை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலில் பதிவு செய்தார். அந்தக் கள ஆய்வில் உடன் அலைந்தவரும் புகைப்படங்கள் எடுத்தவரும் அவருடைய அன்றைய மனைவி எத்தல். பின்னாளில் இங்கிலாந்தின் பெயர் பெற்ற நெசவாளராக எத்தல் மைரே என்று அறியப்பட்டார். குமாரசுவாமியின் பெயரைச் சொல்லும்போது எத்தலின் பெயர் பெரும்பாலும் விட்டுப்போகும்.

குமாரசுவாமி அருங்காட்சியகப் பொருளாக அழிந்துபோகுமோ என்று அஞ்சிய ஒன்றை மினெட் கதவாக்கினார். தரையில் விரித்து உட்காரும் பாய் நிமிர்ந்து நின்றது. நெசவாளருக்கு அது புதிய வேலை, புதிய அளவு, புதிய கூலி. உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கை, குறைந்த தூரம் என்று இன்று சூழலியல் நோக்கில் பாராட்டுகிறோம். அவருக்கு அது பிழைப்பின் கேள்வியாகவும் இருந்தது: கைவினைஞருக்கு வேலை தராத நவீனம் யாருக்கு?

இந்த இடத்தில் பெண்ணியமாக நாம் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கதவின் அழகு கட்டடக்கலைஞரின் பெயரில் வரலாற்றுக்குள் போனது. நெய்தவர் பெயர் போகவில்லை. மினெட்டின் பெயரை ஆண்கள் விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்படும் அதே மூச்சில் இதையும் சொல்லாவிட்டால், நம் நியாயம் வசதியான பெண்களோடு நின்றுவிடும். கருணாரத்ன வீடும் பீரிஸ் வீடும் செலவு செய்யக் கூடியவர்களின் வீடுகள். மினெட்டின் வேலை அங்கேயே முடிந்திருந்தால் ரசனை மிகுந்த சில வீடுகள் என்ற அளவில் அதை மதிப்பிட்டுக் கடந்துவிடலாம். அங்கே முடியவில்லை.

ஒரு வினாத்தாள்

1950களின் நடுவில் கண்டிக்கு அருகே வட்டபுளுவ என்ற இடத்தில் அரசு ஊழியர்களுக்கான கூட்டுறவு வீட்டுத் திட்டத்தை மினெட் ஏற்றார். 200க்கும் மேற்பட்ட வீடுகள். 1958இல் நிறைவடைந்தது. அரசாங்கக் குடியிருப்பு எப்படிக் கட்டப்படும் என்று நமக்குத் தெரியும். ஒரு வரைபடம், அதையே இருநூறு முறை பெருக்குவது. வசிக்கப் போகிறவர் சாவி வாங்கும் நாளில்தான் தன் வீட்டைப் பார்ப்பார்.

மினெட் வரைவதற்கு முன்பு கேட்டார். வீடு பெறப்போகும் குடும்பங்களுக்கு வினாத்தாள் கொடுத்தார், கூட்டங்கள் நடத்தினார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பார்கள், எப்படி வழிபடுவார்கள், விருந்தினர் வந்தால் எங்கே அமர்த்துவார்கள், எவ்வளவு செலவழிக்க முடியும்? பதில்களைத் தொகுத்துப் பல வகை வீட்டு மாதிரிகளை உருவாக்கினார். குடும்பங்கள் தங்கள் தேவைக்கும் பணத்துக்கும் ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ள இடம் வைத்தார். மலைச்சரிவின் போக்கையும் மரங்களையும் மதித்துத் தெருக்களை வளைத்தார். பின்னாளில் ‘பங்கேற்பு வடிவமைப்பு’ என்ற பெயரில் உலகெங்கும் பேசப்பட்டது இதுதான்.

எப்படிச் சமைப்பீர்கள் என்ற கேள்வியை எளிதாகக் கடந்துவிட வேண்டாம். விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட அரசு ஊழியர்களில் ஆண்களே மிகுதி. ஆனால் விறகடுப்பின் புகை எந்தப் பக்கம் போகும், அம்மியில் அரைக்க எவ்வளவு இடம் வேண்டும், தண்ணீர்க் குடத்தை எங்கே இறக்கி வைப்பது என்பதெல்லாம் அந்த ஆண்களுக்குத் தெரிந்த விஷயங்கள் அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமானால் வீட்டுக்குள் திரும்பிக் கேட்டாக வேண்டும். மனைவியின் அறிவு வரைபடத்துக்குள் நுழைய அப்படி ஒரு வழி திறந்தது. வாக்குரிமைக்காகத் தாய் கேட்ட அதே கேள்வியை மகள் வீட்டுக்காகக் கேட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. வாழப்போகிறவரைக் கேட்காமல் அவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கலாமா?

இதன் காலத்தையும் பார்க்க வேண்டும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அதன் முதல் அடி விழுந்தது தமிழ் அரசு ஊழியர்கள் மேல். 1958 மே மாதத்தில் தமிழருக்கு எதிரான வன்முறை நாடெங்கும் பரவியது. அதே ஆண்டுகளில், அரசு ஊழியர்களுக்காகவே, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல சமூகத்தார் பக்கத்துப் பக்கத்தில் வாழும் குடியிருப்பு ஒன்று கண்டி மலைச்சரிவில் எழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் வழிபாட்டையும் சமையலையும் கேட்டு எழுதிக்கொண்ட குடியிருப்பு. சட்டம் ஒரு மொழியைத் தவிர மற்றதைக் கேட்க மறுத்த காலத்தில் ஒரு வினாத்தாள் எல்லாரையும் கேட்டது. கட்டடம் கலவரத்தைத் தடுக்காது. ஆனால் வேறுவிதமாகவும் ஒரு நாட்டைக் கட்டியிருக்கலாம் என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

அந்தச் சாட்சியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. கண்டியைச் சுற்றி மலை முழுவதும் தேயிலை. அங்கே ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி லயன் அறைகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஆக்னஸ் யாருக்காக வாக்குரிமை கேட்டாரோ அந்தப் பெண்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. மினெட் அரச நிறுவனத்தில் உறுப்பினரானதும் 1948இல்தான். அந்தப் பெண்களிடம் எந்த வினாத்தாளும் போகவில்லை. எப்படிச் சமைப்பீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், படுக்கும் இடமும் சமைக்கும் இடமும் பிள்ளை பெறும் இடமும் ஒன்றேதான் என்று பதில் வந்திருக்கும். மினெட்டின் முறையைப் போற்றுகிறவர்கள் அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதற்கு லயன் அறைதான் திசைகாட்டி.

பெயர் எங்கே போனது?

ஜெஃப்ரி பாவா 1957இல் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். மினெட்டின் முதல் வீடு முடிந்து அப்போது ஆறு ஆண்டுகள். 1960களில் அவர் கட்டிய முற்றம் வைத்த வீடுகள் உலகப் புகழ் பெற்றன. ‘வெப்பமண்டல நவீனம்’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பாவாவின் மேதைமையைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது, தொடர்ந்து வேலைகள் வந்தன, காப்பகம் இருந்தது. மினெட்டுக்கு வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ. ஒப்பந்தக்காரர்களும் அதிகாரிகளும் சந்தேகத்தோடு பார்த்த ஒரே பெண். பெண் என்பதாலேயே தன் வேலை பொருட்படுத்தப்படவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1973இல் ஸ்டூடியோவை மூடிவிட்டு லண்டன் போனார். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் 1979 வரை ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். திரும்பி வந்து 1980களில் கண்டியில் கலை மையம் ஒன்றைக் கட்டினார். 1996இல் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனம் தங்கப் பதக்கம் தந்தது. 1998 நவம்பரில் இறந்தார்.

பெயர் முழுதாக மறையவும் இல்லை. வேறு விதமாக மிஞ்சியது. லெ கொர்பூசியேயின் தோழி என்று மிஞ்சியது. அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் உண்மை, நட்பு உண்மை. அதை வைத்து நாவலும் வந்துவிட்டது. ஆனால் 200 வீடுகளின் வினாத்தாளைவிட ஒரு ஆணின் கடிதம் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குப் பெரிய தலைப்பாகிவிடுவது நாம் பார்க்காத கதையா? நம் பெண் கவிகளின் வரலாற்றிலும் இது நடக்கிறது. எழுதிய கவிதையைக் கேட்பதற்கு முன்பு, யாரை நினைத்து எழுதினாள் என்று கேட்பார்கள்.

மினெட் இதை அறிந்திருந்தார். அதனால்தான் கடைசி ஆண்டுகளில் தன் காப்பகத்தைத் தானே கட்டினார். கடிதங்கள், வரைபடங்கள், பத்திரிகைத் துண்டுகள், புகைப்படங்கள், குடும்பக் கதைகள் எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்த ஒரு தன்வரலாறு. ‘ஓர் ஆசியப் பெண் கட்டடக்கலைஞரின் வாழ்வும் பணியும்’ என்ற பொருள்படும் தலைப்பு. அவர் இறந்த 1998ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்தது. அவர் கட்டியவற்றில் பல இடிந்தோ உருமாறியோ போயின. இன்று அவரைத் தேடும் ஆய்வாளர்கள் முதலில் போய்ச் சேர்வது இந்தப் புத்தகத்திடம்தான். ஒரு பெண் தன் கடைசிக் கட்டடத்தைக் காகிதத்தால் கட்டியிருக்கிறார்.

பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனம் தன் தங்கப் பதக்கத்தை 1848 முதல் கொடுத்து வருகிறது. தனியொரு பெண்ணாக அதை முதலில் பெற்றவர் ஸாஹா ஹதீத், 2016இல். 2023இல் பாகிஸ்தானின் யாஸ்மீன் லாரி பெற்றார். வெள்ளத்தில் வீடிழந்த கிராமப் பெண்களோடு சேர்ந்து மூங்கிலாலும் மண்ணாலும் வீடும் அடுப்பும் கட்டியதற்காக. வரிசை நீள்கிறது என்று மகிழலாம். ஆனால் பதக்கம் ஒரு வேலையின் முடிவில் வருவது. மினெட்டின் வாழ்க்கை தொடக்கத்தைப் பற்றிச் சொல்கிறது. தொழிலில் நுழைந்த முதல் பத்து ஆண்டுகளில், யாரும் கேட்காதபோதே, எந்தக் கேள்வியோடு வரைமேசைக்குப் போகிறோம் என்பது.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் கட்டடக்கலை படிக்கலாம். பலர் வேறு துறைகளில் இருக்கலாம். எந்தத் துறையிலும் ஒரு காகிதம் உண்டு. பாடத்திட்டம், வரவு செலவு, சட்ட முன்வரைவு, வரைபடம். அந்தக் காகிதத்தின் முன் நமக்கு இடம் கிடைப்பது பாதி வேலை. அதில் கோடு இழுக்கும் முன்பு, அந்த அடுக்களையில் நிற்கப் போகிறவளை, அந்தச் சுவருக்குக் கல் சுமக்கிறவளை, அந்தக் கதவுக்குப் பாய் நெய்கிறவளைக் கேட்பது மீதிப் பாதி.